திட்டு வாங்கிய சங்கு

நகராட்சி மாடியிலிருந்த பழைய அபாயச் சங்கு, எதிரே மைதானத்தில் நின்ற இடைமறிப்பு ஏவுகணையிடம் சொன்னது:

“அந்தக் காலத்துப் போர்ல எதிரி விமானம் வந்து சேர ஏழு நிமிஷம் ஆகும் தம்பி. நான் ஊதினதும் அடுப்பை அணைப்பாங்க, கதவைப் பூட்டுவாங்க, பூட்டை இழுத்துப் பார்த்துட்டுத்தான் பதுங்கு குழிக்குப் போவாங்க. ஆபத்து போச்சுன்னு மறுபடி ஊதினா, ‘சோறு வேகறப்பதான் இதுக்குக் கத்தணும்’னு என்னைத் திட்டிக்கிட்டே திரும்புவாங்க.”

“இனி யாரும் ஓட வேணாம் அண்ணே. எவ்வளவு வேகமா வந்தாலும் வானத்திலேயே மறிச்சிடுவேன்.”

மறுநாள் எதிரியின் ஏவுகணை ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வந்தது. தம்பி பாய்ந்தது. எதிரி ஏவுகணையோ நடுவானில் வளைந்து தப்பி, சங்கு மூச்சு இழுப்பதற்குள் தெருவில் விழுந்துவிட்டது.

புகை அடங்கியதும், வழக்கப்படி, ஆபத்து போய்விட்டதென்று சங்கு ஊதியது.

அதைத் திட்டிக்கொண்டு யாரும் திரும்பவில்லை.