ஒரு கரடி, இரண்டு மொழி

சனிக்கிழமை காலை பத்து மணி. நூலகத்தில் குழந்தைகளுக்கு இருமொழிக் கதைநேரம். முதலில் நான் ஒரு கரடிக் கதையைத் தமிழில் சொல்வேன். பிறகு அதே கதையை என்னோடு கதை சொல்ல வரும் இளம்பெண் இந்த ஊர் மொழியில் சொல்வாள். முடிக்கும்வரை அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

என் கரடிக்குக் குழந்தைகள் கொட்டாவி விட்டன. அவளுடைய கரடிக்கு உருண்டு புரண்டு சிரித்தன. எனக்கு வயிறு எரிந்தது.

“இனிமே என் கதை முடிஞ்சதும் வெளிய போயிடறேன்” என்றேன் நூலகரிடம். “அவ பேர் வாங்கறதுக்கு நான் எதுக்குக் காவல்?”

“உங்க இஷ்டம்மா.”

இன்று அப்படியே வெளியே வந்து கதவருகில் நின்றேன். உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்புகூட இல்லை. மனம் குளிர்ந்தது.

கதவு திறந்தது. அவள்தான்.

“அக்கா, உள்ள வாங்க. நீங்க இல்லாம ஒண்ணும் எடுபடல.”

“நான் எதுக்கு? உன் கதைக்குத்தானே சிரிக்குதுங்க?”

“என் கதைக்கா? அதுங்க என்னைத் திரும்பிக்கூடப் பாக்காதுக்கா. உங்க மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா?”

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி தலையை நீட்டினாள்.

“கரடி அத்தை, இவங்க கதை சொல்லும்போது பின்னால உக்காந்து கடுகடுன்னு மூஞ்சி காட்டுவீங்களே, இன்னிக்கு ஏன் காட்டல?”