அழாத பிள்ளை

போதை ஊசிக்குக் கணவனைப் பறிகொடுத்தவள் ஜெசிந்தா. வயிற்றுப் பிள்ளைக்கும் அந்தக் கதி வரக் கூடாதென்று, போதையில் மூளைக்குச் சுகம் காட்டும் மரபணுவை டாக்டரிடம் சொல்லி முடக்கிவிட்டாள்.

இரண்டு வயதில் ஷைனியைக் காப்பகத்தில் விட்டபோது மற்ற பிள்ளைகள் அம்மாவின் சேலையை விடாமல் கதறின. ஷைனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தங்கமான பிள்ளைம்மா. யார்கிட்ட விட்டாலும் இருந்துக்கிடுது," என்றாள் ஆயா.

ஜெசிந்தா டாக்டருக்குப் போன் செய்தாள்.

"அம்மா மடி சுகமும் அதே மரபணுதாம்மா. அப்பவே சொன்னோமே," என்றார் அவர்.

வீட்டில் பிள்ளையின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். ஷைனி வீறிட்டாள். ஜெசிந்தா இரு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ஷைனி சுவரைப் பார்த்தபடியே அழுது ஓய்ந்தாள்.