ஞாயிற்றுக்கிழமைச் சவரம்

அறையில் இருந்தவர்கள்: உதவித்தொகைக் குழுவின் தலைவர், பேராசிரியை ஒருவர், கோப்பும் கையுமாக எழுத்தர், கதவருகே உதவியாளர். எதிரே, தனி நாற்காலியில், அவன்.

அவனுக்கு இருபத்தைந்து. விதிப்படி இந்த முறைக்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது. பாதியில் விட்ட படிப்பை முடிக்க அவனுக்கு வேறு வழியும் இல்லை.

அவன் கட்டுரையைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்த தலைவர் ஓரிடத்தில் நின்றார்.

"'படுக்கையில் இருக்கும் அக்காவுக்கு எல்லாம் நான்தான். ஞாயிறுதோறும் அவருக்கு முகச்சவரம் செய்துவிடுகிறேன்.' ஏம்ப்பா, உங்க அக்காவுக்குத் தாடி மீசையெல்லாம் உண்டா?"

எழுத்தர் குலுங்கிச் சிரித்தார்.

அவனுக்குக் காதுமடல் சுட்டது. ஏழு வருடமாகக் கண்ணில் படாத வரி.

முதல் முறை எழுதியபோது அது அப்பா. அடுத்த விண்ணப்பத்தில் அம்மா. இப்போது அக்கா. புதிதாக உட்கார்ந்து எழுத நேரமிருந்ததில்லை. கைப்பேசியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு. உருபுகூட இடறவில்லை.

'அவர்' என்ற சொல்லும் வந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டது. சவரக்கத்தி மட்டும் அப்பாவின் முகத்திலேயே நின்றுவிட்டது. கத்தி வைக்கும்போது கன்னத்தை உப்பிக் காட்டுவார்.

எழுத்தர் பழைய கோப்புகளைப் புரட்டினார். "இங்க பாருங்க சார். மொதல்ல அப்பா படுத்திருக்காரு. அப்புறம் அம்மா. இப்போ அக்கா. குடும்பமே முறை வச்சுப் படுக்குது!"

இந்தத் தடவை உதவியாளரும் சிரித்துவிட்டார்.

முறை வைத்துத்தான் படுத்தார்கள். ஒருவர் காலி செய்த கட்டிலில் அடுத்தவர். மருந்துச்சீட்டில் பெயர் மாறியது, விரிப்பு மாறியது. அந்தச் சவரத்தைத் தவிர கட்டுரையில் பொய் என்று எதுவும் இல்லை.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, ஆஸ்பத்திரித் தாள் ஏதாச்சும் கையில இருக்கா? இருந்தாக் குடுங்க. ஒரு வரி தப்பா விழுந்ததுக்காக விட்டுட முடியாது. நான் பேசுறேன்."

அவன் மடியில் ஓர் உறை இருந்தது. அதன் வாயை விரலால் பிரித்தான். மறுபடி மூடினான்.

"இல்லீங்க மேடம்."

தலைவர் கட்டுரையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "ஆளை மாத்தத் தெரிஞ்ச உங்களுக்குப் பொய்யை மாத்தத் தெரியலையே. சரி, போயிட்டு வாங்க."

வரச் சொன்னது ஒரு வழக்கத்துக்கு.

எழுந்தான். நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாகத் தள்ளிவைத்தான். உறையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அதில் மூன்று தாள்கள். மூன்றும் இறப்புச் சான்றிதழ். கட்டுரையை அனுப்பிய அன்று இரண்டுதான் இருந்தன. அக்காவுடையதில் போன வியாழக்கிழமைத் தேதி.

அதை மேசையில் வைத்தால், 'படுக்கையில் இருக்கும்' என்பதை 'இருந்த' என்று அவனேதான் திருத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு திருத்தத்துக்குக் கை வரவில்லை.

அன்றைக்கு அவன்தான் கடைசி ஆள். உதவியாளர் அவனை வெளியே விட்டு, கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.