மூன்றாவது வரியில் மோனை

“எதுகை எங்க தம்பி? தேடித் தேடிக் கண்ணு வலிக்குது.”

தளவாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மும்பை மாட்டுங்கா தமிழ் மன்றத்தில் கவியரங்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். பதினோரு ஆண்டுகளில் ஒருவரையும் பாராட்டியதில்லை; அதனாலேயே பெரிய விமர்சகர் என்று பெயர்.

எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான் பேச்சிராஜா. தாராவியில் தோல் பை தைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் கவிதை வாசிக்கப்போவதாகப் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டான். இடம் கிடைக்காவிட்டால் மானம் போய்விடும்.

“மழையப் பத்தி எழுதுனது அய்யா. எங்க தகரக் கூரையில மழை விழுற சத்தம் இருக்குல்லா, அதே சந்தத்துல வரட்டும்னு...”

“சந்தமா? உன் தையல் மிஷின் சத்தத்தச் சந்தம்னு நினைச்சுட்ட போல. வரிக்கு ரெண்டே சீர். இது கவிதை நடையா, நொண்டி நடையா?”

தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். உதட்டைப் பிதுக்கினார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு கிழித்தார்.

“மூணாவது வரியில மோனை இடிக்குது. அடிச்சுட்டேன்.”

“சரிங்க அய்யா.”

“மழைக் கவிதைன்னா படிக்கிறவன் நனைய வேண்டாமா? நான் காஞ்சுபோய் உட்கார்ந்திருக்கேன். சோகமா சந்தோஷமா, ஒரு உணர்ச்சியும் பிடிபடல. நீ எங்க படிச்ச?”

“இந்தி மீடியம் அய்யா. தமிழ் பேசத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல வீட்டுல எழுதுனா.”

தளவாய் வாய்விட்டுச் சிரித்தார். “அதானே பார்த்தேன். தமிழ் படிக்கத் தெரியாதவனெல்லாம் கவிதைக்கு வந்தா தமிழ் தாங்குமாய்யா? போ, திருத்திட்டு நாளைக்கு வா. ஞாயித்துக்கிழமைய அப்புறம் பார்க்கலாம்.”

பேச்சிராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவன், தாளை மனைவி விஜயராணியிடம் நீட்டினான்.

“எதுகை இல்லையாம், மோனை இடிக்குதாம். சிவப்புக் கோடு போட்டிருக்கிற வரிய மாத்தி எழுதிக் குடு.”

விஜயராணி தாளை வாங்கிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“கவிதை ஃபிரிட்ஜ் மேலயே கெடக்கு. நீங்க கொண்டுபோனது நம்ம புது வீட்டுப் பால்காய்ப்புக்குக் கூப்பிட வேண்டியவங்க லிஸ்ட்டு” என்றாள். “ஆமா, பேராச்சி அத்தைய எதுக்கு அடிச்சிருக்காரு?”