நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

"தப்பு எம்மேலதேன் இருக்கும் தாயி" என்று தலை குனிந்து நின்றார் விருமாண்டி. அவர் கொண்டுவந்த வெற்றிலைக் கொடி வேரோடு மேசைமேல் கிடந்தது.

"இருக்கும் என்னண்ணே, உங்க மேலதான்!" என்றாள் ஷெரின்.

பசுமலைக் கல்லூரி ஒன்றில் உயிரியலைக் கணினியில் போட்டு ஆராய்கிறவள் அவள். இலையின் படத்தைக் காட்டினால் போதும், கொடியின் அடியில் அழுகல் நோய் உண்டா இல்லையா என்று அவளுடைய கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. அதற்கோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி.

அதைப் பழக்க, சோழவந்தானிலிருந்து வாராவாரம் நோய்க்கொடி இலை ஒரு பை, நல்ல கொடி இலை ஒரு பை என்று சுமந்தவர் விருமாண்டி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக்கொள்ளும். படம் எடுத்து முடித்ததும் நல்ல இலைகள் துறைத்தலைவர் ஜேசுராஜின் வாய்க்குப் போகும். வெற்றிலை மெல்லுவதைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஷெரின் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

போன வாரம் அவருக்குப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் முத்துத்தாய், முப்பது இலைகளைப் பறித்த கையோடு படம் பிடித்து போனில் அனுப்பினாள். முப்பதும் நோய் என்றது கம்ப்யூட்டர். "பரவுறதுக்குள்ள பிடுங்கி எரிச்சிருங்க" என்று ஷெரின் அடித்துச் சொன்னாள். முத்துத்தாய் அழுதுகொண்டே அரை ஏக்கரையும் எரித்தாள்.

"பிடுங்குன ஒரு கொடியிலயும் அழுகல் இல்ல தாயி. மிஞ்சுனது இது ஒண்ணுதேன். வேரைப் பாருங்க."

வேர் வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது.

"அப்ப நீங்க பையை மாத்திக் குடுத்திருக்கீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுண்ணே."

"மாத்தலயே தாயி..." என்று கையைப் பிசைந்தார். படித்தவர்கள் சொன்னால் செய்யாத தப்புக்கும் தலை குனிகிற மனுஷன்.

"சரி, இதுல ஒரு எலை குடுங்க."

ஒன்றைப் பறித்து, பழக்கதோஷத்தில் காம்பைக் கிள்ளி நீட்டினார். ஷெரின் படம் பிடித்தாள். 'நல்ல இலை' என்றது திரை.

அவளே இன்னொன்றைப் பறித்து அப்படியே படம் பிடித்தாள். 'நோய்.'

ஒரே கொடி. ஷெரினுக்கு முகம் சுண்டிப்போனது. முத்துத்தாய் அன்று போனில், "நெசமாவா தாயி, நல்லாப் பாத்தீகளா?" என்று மூன்று தடவை கேட்டிருந்தாள். மூன்று தடவையும் இவள் சலித்துக்கொண்டாள். இப்போது இந்த மனிதரை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"நல்ல எலை, நோய் எலை... ரெண்டு பைக்கும் வேற என்னண்ணே வித்தியாசம்?" என்று கேட்டாள்.

விருமாண்டி யோசித்தார். பிறகு, பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி மெல்லச் சொன்னார்.

"நோய் எலைய யாரும் திங்கப்போறதில்ல. நல்ல எலைய சாரு மெல்லுவாகன்னு, அம்புட்டுக்கும் நாந்தேன் காம்பக் கிள்ளிக் கொண்டாந்தேன் தாயி."