செப்புத் தகட்டில் ஒரு பெயர்

பாதுவா, 1648 மார்ச். தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலைப் பேராசிரியர் ஸோர்ஸி அறுத்தார். கணையத்தின் குழாயை அச்சுப் படத்துக்காகச் செப்புத் தகட்டில் செதுக்கினான் பொர்த்தோலோ.

“கணையத்தோட வால் பக்கத்துலேருந்து ஓடிவந்து, பித்தக்குழாயோட சேர்ந்து குடல்ல திறக்குது. ஒரு கிளையைக்கூட விடலையேப்பா. என்ன கூலி வேணும்?”

“கூலி வேணாங்க. மூலையில ஒரு பேரு போட்டுக்கறேன்.”

“உனக்கும் புகழ் ஆசை வந்துடுச்சா? பொடி எழுத்துல போட்டுக்கோ.”

முதல் அச்சைப் பார்த்ததும் பேராசிரியர் நிமிர்ந்தார்.

“மெனெகோன்னு இருக்கு. உன் பேரு பொர்த்தோலோதானே?”

“நீங்க மேசையில அறுத்தவன் பேருங்க. என் தம்பி. தூக்குல தொங்கினவனுக்குக் கல்லறைக் கல்லு கிடையாதுல்லங்களா.”

பேராசிரியர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை.

படம் பல நகரங்களுக்குப் போனது. மெனெகோ நல்ல சித்திரக்காரன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.