பிரேக் மிதித்த கால்

"டேய் ரோஹித், ஏறி உட்காரு! பிரேக்குல காத்து எடுக்கணும்!"

அண்ணனூர் வீட்டு வாசலில், அப்பனும் பத்தாவது படிக்கும் பிள்ளையுமாக ஞாயிறுதோறும் உயிர்கொடுத்து வரும் பழைய பியட் காருக்கு அடியில் படுத்தபடி கத்தினார் கஜபதி. கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அமுக்கு!"

பெடல் அமுங்கியது. சக்கரத்துப் பிரேக் திருகாணியை இளக்கினார். எண்ணெயோடு காற்றும் குமிழியிட்டு வந்தது. இறுக்கினார்.

"விடு... மறுபடி அமுக்கு... அப்படியே புடிச்சுக்கோ!"

சொன்னபடியே நடந்தது. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து ரோஹித்தின் குரல் வந்தது.

"குளிச்சினு இருக்கேம்பா, இதோ வந்துட்டேன்!"

ஸ்பேனர் நழுவி மார்பில் விழுந்தது. இந்தக் காரின் பழைய சொந்தக்காரர், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலேயே சீட்டில் செத்துக்கிடந்தாராம். காரை வாங்கித் தந்த புரோக்கர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இப்போது நினைவுக்கு வந்தது.

"மே... மேல யாரு?"

சீட்டு ஸ்பிரிங் மட்டும் கிறீச்சிட்டது. கஜபதி படுத்தபடியே வீட்டுப் பக்கம் பார்த்து அலறினார்.

"ஐயோ லோகு! ஓடியாடி!"

கார் வாசலுக்கு வந்த நாளிலிருந்து அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்த மனைவி லோகநாயகி, சீட்டிலிருந்து வாய் திறந்தாள்.

"எங்க ஓடியாறது? காலு மரத்துப்போச்சு. விடட்டுமா, இன்னும் அமுக்கினே இருக்கணுமா?"